தண்ணீர் ஊற்றிக் குலுக்கும் மருந்து

காலை ஆறரை மணிக்கெல்லாம் ஐஸ் பெட்டி கிளம்பிவிட வேண்டும். தாய்மார்கள் குழந்தையின் மலத்தைச் சிறு டப்பாவில் எடுத்து வைத்திருப்பார்கள். எங்கள் களப்பணியாளர் அதை வாங்கி, பெயருக்குப் பதிலாக எண்ணை ஒட்டி, நேரத்தைக் குறித்துக்கொண்டு வருவார். மைனஸ் 80 டிகிரி உறைபெட்டிக்குள் அது போய்ச் சேரும்வரை எனக்கு இருப்புக் கொள்ளாது. வழியில் வெயிலில் கிடந்தால் சில கிருமிகள் பெருகும், சில சாகும். அப்புறம் நாங்கள் அறிவது குழந்தையின் குடலைப் பற்றி அல்ல, டப்பாவைப் பற்றி.

கைக்குழந்தைகளின் குடலில் நுண்ணுயிர்கள் எப்படிக் குடியேறுகின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. தாய்ப்பாலில் சில சர்க்கரைகள் இருக்கின்றன. அவற்றைக் குழந்தையால் செரிக்கவே முடியாது. அவை குடலில் நன்மை செய்யும் பிஃபிடோபாக்டீரியா என்ற நுண்ணுயிர்களுக்கான தீனி. முதன்முதலில் இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பால் கொடுக்கும் தாய் தன் பிள்ளையோடு கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டத்துக்கும் சேர்த்தல்லவா ஊட்டுகிறாள்! சோறும் பருப்பும் பழமும் சேரச் சேர மற்ற வகைகள் வந்து குடியேறும். இரண்டு மூன்று வயதுக்குள் அது ஏறக்குறைய பெரியவர்களின் குடலைப் போல ஆகிவிடும்.

ஆக, குடலுக்கும் ஒரு வயது உண்டு. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி கார்டனும் டாக்காவின் தஹ்மீத் அகமதுவும் தங்கள் குழுவினருடன் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. கடுமையாக மெலிந்த வங்கதேசக் குழந்தைகளின் நுண்ணுயிர்க் கூட்டம் அவர்களுடைய வயதைவிட இளையதாகவே நின்றுவிடுகிறது. வழக்கமான சிகிச்சை உணவு கொடுத்தும் அது முழுமையாகத் தேறவில்லை. பிறகு கொண்டைக்கடலை, சோயா, நிலக்கடலை, வாழைக்காய் சேர்த்து ஓர் உணவைத் தயாரித்தார்கள். டாக்காவின் மிர்பூர் குடிசைப் பகுதியில் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான ஊட்ட உணவைவிடக் கலோரி குறைவு. ஆனாலும் இதைச் சாப்பிட்ட குழந்தைகளே நன்றாகத் தேறினார்கள். நம் அடுப்படியில் இருக்கும் பண்டங்கள்! இந்த முடிவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இன்றும் என் குரல் உயர்ந்துவிடுகிறது.

ஒருமுறை, பதினான்கு மாதக் குழந்தை ஒன்றின் முடிவு என்னைத் தூங்கவிடவில்லை. அதுவரை மாதாமாதம் ஒழுங்காக முதிர்ந்து வந்த கூட்டம் சட்டென்று சரிந்திருந்தது. பிஃபிடோபாக்டீரியா ஏறத்தாழ இல்லை, ஈ.கோலையின் உறவுக் கிருமிகள் இடத்தைப் பிடித்திருந்தன. எண் மாறிப்போயிருக்கும் என்று முதலில் நினைத்தேன். மீதமிருந்த மாதிரியிலிருந்து மறுபடியும் டிஎன்ஏ பிரித்துப் பார்த்தோம். அதே முடிவு. படிவத்தைத் தேடி எடுத்தேன். 'கடந்த 30 நாட்களில் மருத்துவர் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து கொடுத்தாரா?' பதில்: இல்லை.

களப்பணியாளருடன் நானே அந்த வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே பேசினாள்.

"காய்ச்சல் ஏதாவது வந்ததாம்மா?"

"வந்தது அக்கா. டாக்டரிடம் போகவில்லை. மருந்துக்கடை அண்ணனிடம் சொன்னேன், தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொடுக்கிற மருந்து தந்தார். மூன்று நாளில் சரியாகிவிட்டது, நிறுத்திவிட்டேன்."

சாமி படத்துக்குப் பின்னாலிருந்து பாட்டிலை எடுத்து வந்தாள். கழுத்தில் இளஞ்சிவப்பாக மருந்து வழிந்து காய்ந்திருந்தது. மூடியைத் திறக்க வரவில்லை. கொதித்து ஆறிய நீரை எதுவரை ஊற்ற வேண்டும் என்று லேபிளில் அம்புக்குறி போட்டிருந்தது. அதற்கு மேலே அச்சிட்டிருந்த பெயர்: அமாக்சிசிலின். ஆன்டிபயாடிக், அதாவது நாங்கள் படிவத்தில் கேட்டிருந்த அதே நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து.

அவள் பொய் சொல்லவில்லை. எந்த மருத்துவரும் கொடுக்கவில்லை. 'நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து' என்ற சொல்லை அவள் வாழ்நாளில் கேட்டதும் இல்லை. அந்தக் கேள்வியை எழுதியவள் நான். குளிர்ந்த அறையில் அகராதித் தமிழில் எழுதி, மூன்று பேர் சரிபார்த்து ஒப்புதல் பெற்ற கேள்வி. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது முகம் சுட்டது. அவளோ, தான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டோமோ என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லையம்மா, நாங்கள் கேட்டதுதான் சரியில்லை என்றேன். அதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த வாரமே கேள்வியை மாற்றினோம். இப்போது களப்பணியாளர் மருந்தின் பெயரைக் கேட்பதில்லை. "வீட்டில் இருக்கிற பாட்டில், மாத்திரை அட்டை எல்லாவற்றையும் காட்டுங்கள் அக்கா" என்பார். காட்டுவதைப் படம் எடுத்துக்கொள்வார். இல்லை என்று முன்பு எழுதியிருந்த பல வீடுகளில் பாட்டில்கள் வெளியே வந்தன. அந்தக் குழந்தையின் குடலும் நான்கைந்து மாதங்களில் மெல்லத் தன் வயதை எட்டிப் பிடித்தது.

பழைய கேள்விக்கு ஏற்கெனவே பதில் சொல்லியிருந்த வீடுகளுக்குத் திரும்பப் போனோம். சிலர் வீடு மாறிப் போய்விட்டார்கள். சிலருக்கு எந்த மாதம் என்ன கொடுத்தோம் என்பது நினைவில்லை, பாட்டிலையும் எறிந்துவிட்டார்கள். அந்தக் குழந்தைகளின் வரிசையில் 'இல்லை' என்றிருந்ததை அழித்தேன். அந்தக் கட்டங்கள் இன்றுவரை காலியாகவே இருக்கின்றன.