சுந்தரம், சுந்தரம்

அக்டோபர் 9, 2025, வியாழன்

இன்றும் அப்பா தாதியைச் ‘சுந்தரம்’ என்றுதான் கூப்பிட்டார். அந்தப் பிலிப்பினோப் பெண்ணும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

இரவு சிங்கப்பூர் - இந்தியா கால்பந்தாட்டம். கட்டிலோடு இருக்கும் சாப்பாட்டு மேசையில் கைப்பேசியைச் சாய்த்து வைத்தேன். பக்கத்துக் கட்டில் தம்பி அறந்தாங்கிக்காரர். வேலையிடத்தில் விழுந்து, காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். அவர் இந்தியா, நாங்கள் சிங்கப்பூர். இக்சான் ஃபாண்டி கோல் போட்டதும் அப்பாவின் இடது கை தானாக உயர்ந்தது. வலது கை கிடந்த இடத்திலேயே கிடந்தது. இடைவேளை முடிந்து வந்ததுமே இந்திய ஆட்டக்காரர் ஒருவருக்குச் சிவப்பு அட்டை. பத்துப் பேர்தானே என்று நானும் அசட்டையாக இருந்துவிட்டேன். 90வது நிமிடம், 1-1. தம்பி சத்தம் போடாமல் போர்வையைக் கடித்துக்கொண்டார். நல்ல பிள்ளை.

அக்டோபர் 10, வெள்ளி

பச்சைத் தண்ணீர் கூடாதாம், புரையேறிவிடும். பொடி கலந்து, கஞ்சிப் பதத்துக்கு வந்ததும் தேக்கரண்டியில் கொடுக்க வேண்டும். தண்ணீரை மெல்லுகிறார்.

அக்டோபர் 12, ஞாயிறு

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வந்தார். கையில் படம் போட்ட அட்டைகள். கோப்பை? சுந்தரம். சாவி? சுந்தரம். குடை? கொஞ்சம் யோசித்துவிட்டு, சுந்தரம். பந்துப் படத்தைக் காட்டியபோது மட்டும் வாயே திறக்கவில்லை. இடது உள்ளங்கையைத் தூக்கி மெல்ல மல்லாத்தினார். அந்தப் பெண் அதைக் குறித்துக்கொண்டார், என்னவென்று எழுதினாரோ.

எனக்குத் தெரியும். 1993. காலாங்கில் பழைய தேசிய விளையாட்டரங்கம், எதிரணி புருணை. சிங்கப்பூர் ஆட்டக்காரர் வி. சுந்தரமூர்த்தி கோலுக்கு முதுகைக் காட்டியபடி காற்றில் மல்லாந்து, தலைக்கு மேலே காலை வீசி அடித்த அந்த கோல். முப்பத்திரண்டு வருடமாக வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் அப்பா இதே கையை மல்லாத்திக் காட்டியிருக்கிறார். “நான் அங்கதான் இருந்தேன்” என்று முடிப்பார். அடுக்களையிலிருந்து அம்மா, “இருந்தாரு, இருந்தாரு. அன்னிக்கு நைட் ஷிப்டு” என்பார்.

இருந்தாரா இல்லையா? இதை இப்போது கேட்டு என்ன ஆகப்போகிறது. ஆனாலும் எம்ஆர்டி ரயிலில் வரும் வழியெல்லாம் அதே நினைப்பு.

அக்டோபர் 14, செவ்வாய்

கோவாவில் இந்தியாவை 2-1. இரண்டும் நம்ம சோங் உய் யங். தம்பி பேசவில்லை. அப்பா தன் பிஸ்கட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. முறுக்கை அப்பா மோந்து பார்த்தார். அவ்வளவுதான்.

அக்டோபர் 25, சனி

தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன்.

அப்பாவிடம் இரண்டு சுந்தரம் உண்டு. ஒருவர் ஆட்டக்காரர். ஃபாண்டி அகமதுக்கு ஹாலந்தில் குரோனிங்கன் கிளப் என்றால் நம்ம ஆளுக்குச் சுவிட்சர்லாந்தில் பாசல் கிளப் என்பார். மலேசியாவில் கெடாவுக்கு ஆடியதையும் விடமாட்டார். 1993 மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் அதே கெடாவிடம் சிங்கப்பூர் 0-2 என்று தோற்றதை மட்டும் சொல்லமாட்டார்.

இன்னொருவர் பயிற்றுநர். 2013இல் லயன்ஸ் டுவெல்வ் என்ற சிங்கப்பூர்க் குழுவை மலேசிய சூப்பர் லீக் சாம்பியன் ஆக்கியவர். ஜாலான் புசாரில் ஃபெல்டா யுனைட்டடை 4-0 என்று சாத்திய இரவில், தேக்கா வரைக்கும் என்னை நடக்க வைத்துப் பரோட்டா வாங்கிக் கொடுத்தார் அப்பா. பில்லைக்கூடப் பார்க்கவில்லை. அதுவரை இரண்டு சுந்தரமும் ஒருவர்தான்.

2016இல் தேசியக் குழு கைக்கு வந்தது. தென்கிழக்காசிய நாடுகளின் சுசுகி கிண்ணத்தில் பிலிப்பீன்சுடன் 0-0, தாய்லாந்திடம் 0-1, இந்தோனீசியாவிடம் 1-2, திரும்பி வந்தாயிற்று. ஆசியக் கிண்ணத் தகுதிச்சுற்றில் ஆறு ஆட்டம், இரண்டே புள்ளி. 2017 ஜூனில் தைவானிடம் 1-2. அதற்கு மூன்றாம் நாள் அர்ஜென்டினா வந்தது. மெஸ்ஸி இல்லாமலேயே 6-0. நான்தான் டிக்கெட் எடுத்திருந்தேன். திரும்பும்போது அப்பா ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார்: “இவன் ஆடுறப்ப எவன் பேச்சைக் கேட்டான், இப்ப பசங்களை இப்படிக் கட்டிப் போடுறான்?”

2018 ஏப்ரலில் சுந்தரமூர்த்தி விலகினார். அன்று இரவு அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு, “நாமளும் ரொம்பக் கத்திட்டோம்” என்றார். ஈசூன் வீட்டுக் கூடத்தில் இவர் கத்தியது அங்கே போய்க் கேட்டதுபோல.

எனக்குத் தோன்றுவது இதுதான். அவர் குழுவில் அவரைப்போல ஆட ஒருவர் இல்லை. அந்த மல்லாத்தலைப் பலகையில் கோடு போட்டு யாருக்குச் சொல்லிக் கொடுப்பது? காலுக்குத் தெரிந்தது வாய்க்கு வராது. இப்போது குழுவைப் பார்த்துக்கொள்கிற கேவின் லீ தொழில்முறையில் ஆடியவரே இல்லை, 35 வயதுதான். அவரிடம் பசங்கள் ஜெயிக்கிறார்கள். இதை அப்பாவிடம் சொல்லி ஒரு சண்டை போட ஆசையாக இருக்கிறது.

அட்டை காட்டுகிற பெண்ணையும் பயிற்றுநர் என்றுதான் சொல்கிறோம்.

அக்டோபர் 29, புதன்

இன்று என்னைச் சுந்தரம் என்றார். கழிவறைக்குள் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

நவம்பர் 2, ஞாயிறு

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அம்மா தானாகவே ஆரம்பித்தார். “அன்னிக்கு நைட் ஷிப்டுதான். நான்தானே டிபன் கட்டிக் கொடுத்தேன். புளிச்சோறு, அவிச்ச முட்டை.”

சரி என்றேன்.

“காலையில டிபன் அப்படியே திரும்பி வந்துச்சு. முட்டையைக்கூடத் தொடலை. என் சமையல் பிடிக்கலைன்னு ரெண்டு நாள் பேசாம இருந்தேன்.”

உரித்த வெங்காயத்தையே திரும்ப உரித்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவும் மேலே பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அடுப்பை நோக்கி, “திருட்டு மனுஷன்” என்றார்.

நவம்பர் 8, சனி

வீட்டுக்கு வந்துவிட்டார். கூடத்தில் கட்டில், சோபா அண்டை வீட்டுக்குப் போயிற்று. மின்தூக்கி வாசலில் சக்கர நாற்காலி சிக்கி, மூன்றாம் மாடிச் சீனத் தாத்தா வந்து தூக்கிவிட்டார். அறந்தாங்கித் தம்பி கிளம்பும்போது அப்பாவின் இடது கையைப் பிடித்து, “சுந்தரம் ஐயா, வர்றேன்” என்றார். அதுதான் அப்பாவின் பெயர் என்று இவ்வளவு நாளும் நினைத்திருக்கிறார்!

நவம்பர் 13, வியாழன்

தாய்லாந்திடம் 2-3. நட்புமுறை ஆட்டம்தானே. அப்பாவிடம் சொல்லவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

சாவிப் படத்துக்குச் “சா…” என்றார். அதற்கப்புறம் நின்றுவிட்டது. அண்ணனுக்குப் போன் போட்டு அந்த ‘சா’வைச் சொன்னேன். சந்தோஷப்படுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. அம்மா அட்டையில் இல்லாத ஒன்றைக் காட்டிக் கேட்டார்: பழைய எவர்சில்வர் டிபன். அப்பா அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். தூக்கமா, நடிப்பா?

நவம்பர் 18, செவ்வாய்

ஹாங்காங்கை அதன் ஊரிலேயே ஜெயித்தால் 2027 ஆசியக் கிண்ணம். சிங்கப்பூர் இதற்குமுன் ஆடியது ஒரே முறை, 1984இல், அதுவும் நாமே நடத்தியதால். அலுவலகத்தில் ஒரு வேலையும் ஓடவில்லை.

அதே நாள், இரவு

இடைவேளை. 0-1.

அப்பாவைத் தலையணை அடுக்கிச் சாய்த்து உட்கார வைத்திருக்கிறோம். “என்னங்க, படுத்துக்கிறீங்களா?” என்று அம்மா மூன்று முறை கேட்டாயிற்று, பதில் இல்லை. திரையில் கேவின் லீயைக் காட்டினார்கள். அப்பா விரலை நீட்டினார். “சுந்தரமா, அப்பா?” என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.

இல்லை என்று.

பிறகு யார் என்றேன். உதடு எதையோ தேடுகிறது. நாக்கு மேலே போய் ஒட்டுகிறது, இறங்குகிறது, திரும்பவும்

அம்மா கூப்பிடுகிறார். பொடி தீர்ந்துவிட்டதாம், புது டப்பா எங்கே என்று. ஆட்டமும் தொடங்கிவிட்டது.