நாசி கோரெங்: முதல் பாடம் சட்டிச் சூடு

பிள்ளைகள் கிண்டும் நாசி கோரெங் (மலாய் பாணி வறுத்த சோறு) உப்புக் கரிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் சூடு பத்தாத சட்டிதான். சோறு, காய், முட்டை எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டுவார்கள். சூடு இறங்கிவிடும், காய் தண்ணீர் விடும், சோறு குழையும். சப்பென்று இருக்கிறதே என்று சோயா சாஸ் பாட்டிலைக் கவிழ்ப்பார்கள். ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம். பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு 2000-க்குள் இருக்க வேண்டும் என்கிறது சிங்கப்பூரின் சுகாதார மேம்பாட்டு வாரியம்.

இரண்டு பேருக்கு 1 கப் பிரவுன் ரைஸை அரைமணி ஊறவைத்து, 2 கப் தண்ணீரில் முந்தின நாளே வேகவைக்கச் சொல்லுங்கள். தட்டில் பரப்பி ஆற்றி, 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வெளியே கிடந்த சோற்றில் கிருமி விடும் நச்சு, மறுநாள் வறுத்தாலும் போகாது.

எட்டு வயதுப் பிள்ளை அரிசி கழுவலாம், முட்டையைத் தனிக் கிண்ணத்தில் உடைக்கலாம். கத்தி பிடிக்கும் வயது வந்ததும் பலகைக்கு அடியில் ஈரத்துணி விரியுங்கள். கேரட் உருளும், நீளவாக்கில் பிளந்து தட்டையான பக்கத்தைக் கீழே வைத்து நறுக்கட்டும். விரல் நுனிகள் உள்ளே மடங்கியிருக்க வேண்டும்.

அடுப்பு பதின்ம வயதினருக்கு, அதுவும் நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது. வெறும் இரும்புச் சட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கட்டும். சுர்ரென்று வற்றினால் போதாது. முத்தாக உருண்டோட வேண்டும். (நான்ஸ்டிக்கில் இது வேண்டாம், காலியாகச் சூடேற்றினால் பூச்சு கெடும்.) ஈரம் முழுக்கக் காய்ந்தபின் 1 மேசைக்கரண்டி எண்ணெய். முதலில் 2 முட்டை, கிளறி எடுத்துவிடுங்கள். பிறகு வெங்காயம், பூண்டு. அடுத்து கேரட், பயற்றங்காய், 3 நிமிடம். உதிர்த்த சோறு அதன்பின். சாஸ் 2 தேக்கரண்டி மட்டும், சட்டியின் ஓரமாகச் சுற்றி ஊற்றினால் சுட்ட வாசனை ஏறும், குறைவாகவே போதும். கைலான் கீரையும் முட்டையும் கடைசியில். ஈக்கான் பிலிஸ் (உப்பிட்ட நெத்திலிக் கருவாடு) போடுவதென்றால் ஊறவைத்துக் கழுவி, சாஸைப் பாதியாக்குங்கள்.

பரிமாறும்போது பாதித் தட்டு காயும் பழமும், கால் சோறு, கால் முட்டையோ தவ்குவாவோ (கெட்டியான டோஃபு). காய் குறைந்தால் வெள்ளரிக்காய் வெட்டி வைத்தால் தீர்ந்தது.