பதினெட்டு மாதம் யாருடையது?

நானும் பிள்ளைகளும் கனடாவில் வந்து இறங்கியது 2023ஆம் ஆண்டு, பொங்கல் கழிந்த மறுவாரம். என் கணவர் அதற்கு ஓராண்டு முன்னால், 2022 ஜனவரி தொடக்கத்திலேயே, படிக்க வந்துவிட்டார். இந்த இரண்டு தேதிகளையும் முதலில் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்காக அரசு தரும் மாதப் பணத்துக்கு நாங்கள் பட்ட தவிப்பு முழுவதும், இவற்றில் எதிலிருந்து மாதங்களை எண்ணுவது என்பதில்தான் இருந்தது.

டொராண்டோ நகரத்தின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் குடியிருந்தோம். மகளுக்கு 8 வயது, மகனுக்கு மூன்றரை. மகனைப் பகலில் விட்டுச் செல்ல இடம் இல்லாததால் முதல் எட்டு மாதம் நான் வேலைக்குப் போகவில்லை. அவர் வகுப்பு முடிந்து, கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்கிக் கொண்டுவரும் பணத்தில் வாடகை போக மிஞ்சுவதுதான் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும். மகளுக்குப் பனிக்கால பூட்ஸை இரண்டு அளவு பெரிதாக வாங்கி, முன்பக்கம் துணி திணித்துப் போட்டுவிட்டேன். அடுத்த குளிருக்கும் ஆக வேண்டுமே.

கனடாவில் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருக்கும் குடும்பங்களுக்கு மத்திய அரசு மாதந்தோறும் பணம் தருகிறது. 'கனடா சைல்ட் பெனிஃபிட்' என்று பெயர். 2016 ஜூலையிலிருந்து இப்போதைய வடிவில் நடக்கிறது. குடும்ப வருமானம் குறைந்தால் தொகை கூடும். வருமானம் ஏறினால் குறையும். இதற்கு வரி கிடையாது. குடியுரிமை பெற்றவர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் காத்திருப்பு இல்லை. எங்களைப் போல படிப்பு பெர்மிட்டிலும் வேலை பெர்மிட்டிலும் இருப்பவர்கள் 18 மாதம் தொடர்ந்து இந்த நாட்டில் வாழ்ந்து, 19ஆவது மாதத்தில் செல்லுபடியாகும் பெர்மிட் வைத்திருக்க வேண்டும். இது எங்களுக்கு வந்த புதிதிலேயே தெரியும். 2023 ஏப்ரலில் என் கணவருக்கு வரிக் கணக்கு போட்டுத் தந்தவர் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து, "அம்மா வந்தது ஜனவரி. அடுத்த வருடம் ஜூலைக்கு மேல் வாருங்கள்" என்றார். கணவரின் வகுப்பு நண்பர்களும் அதையே சொன்னார்கள். நானும் சமையலறை நாட்காட்டியில் 2024 ஜூலையை மனதில் வைத்து நாளைக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

2024 பிப்ரவரியில் ஒரு நாள். பள்ளி வாசலில் மணி அடிக்கக் காத்திருக்கும் பெண்களில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் உண்டு. பேத்தியை அழைத்துப் போக வருவார். மகனின் கையுறை கிழிந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "பிள்ளைக் காசு இன்னும் வரவில்லையா, தங்கச்சி?" என்று கேட்டார். 18 மாதக் கதையைச் சொன்னேன். அவர் ஒரு நொடி யோசித்துவிட்டு, "உங்கள் வீட்டுக்காரர் எப்போது வந்தவர்?" என்றார். 2022 என்றேன். "அப்படியென்றால் அவருடைய கணக்கு எப்போதோ முடிந்துவிட்டதே. போய்ப் படிவத்தை நீங்களே வாசியுங்கள், பிள்ளை. மற்றவர் வாசித்துச் சொன்னதைக் கேட்காதீர்கள்."

அன்று மாலையே பிள்ளைகளை நூலகத்துக்கு அழைத்துப் போய், அவர்களைப் படப்புத்தகங்களோடு உட்கார வைத்துவிட்டு, இந்தப் பணத்தைத் தரும், வரியும் வசூலிக்கும் கனடா வருவாய் முகமையின் இணையப் பக்கத்தைத் திறந்தேன். யாருக்குத் தகுதி என்று சொல்லும் வாசகத்தை நான்கு முறை வாசித்தேன். "நீங்கள் அல்லது உங்கள் துணைவர்" என்று தெளிவாக இருந்தது. இருவரில் ஒருவர் 18 மாதத்தை முடித்திருந்தால் போதும். அவருடைய 18 மாதம் 2023 ஜூலையிலேயே முடிந்திருந்தது. ஆகஸ்டிலிருந்தே எங்களுக்கு உரிமை இருந்திருக்கிறது. 'அல்லது' என்ற அந்த ஒரு சொல்லை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஆகஸ்டிலிருந்து நாங்கள் தள்ளிப்போட்ட ஒவ்வொன்றும் அந்த நேரத்தில் வரிசையாக நினைவுக்கு வந்தது. மகளின் நீச்சல் வகுப்பு, மகனின் பல் வலி. நூலகத்தில் உட்கார்ந்து அழுதேன்.

படிவத்தின் பெயர் ஆர்.சி.66. தற்காலிகமாக வந்தவர்கள் அதோடு ஆர்.சி.66 எஸ்.சி.எச். என்ற இணைப்பையும் நிரப்ப வேண்டும். கனடாவுக்குள் எப்போது வந்தீர்கள், எந்தப் பெர்மிட், வருவதற்கு முந்தைய ஆண்டுகளில் உலகில் எங்கே எவ்வளவு சம்பாதித்தீர்கள் என்பதெல்லாம் அதில்தான் வருகின்றன. 18 மாதம் அவருடையது என்பதால் விண்ணப்பதாரர் என்ற இடத்தில் முதலில் அவர் பெயரையே எழுதினோம். தபாலில் போடும் முன் குறிப்புகளை மறுபடி வாசித்தபோதுதான் அது தவறு என்று கண்டுபிடித்தேன். தாயும் தந்தையும் ஒரே வீட்டில் இருந்தால், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு முதலில் தாயுடையது என்று எடுத்துக்கொண்டு அவளைத்தான் விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். தந்தை விண்ணப்பிக்க வேண்டுமானால், பொறுப்பு அவருடையது என்று தாய் கையெழுத்திட்ட கடிதம் இணைக்க வேண்டும். படிவத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். விமான நிலையத்தில் தந்த தாள் தொடங்கி இந்த நாட்டில் எல்லாத் தாளிலும் நான் ஒருவருடைய மனைவியாகவே இருந்தேன். இதில் முதல் பெயர் என்னுடையது.

1945 ஜூலையில் கனடா முதன்முதலாகக் குடும்பப்படி கொடுக்கத் தொடங்கியபோதே பணம் தாய்மார் பெயரில் போனதாகப் பின்னர் வாசித்தேன். கியூபெக் மாகாணத்தில் மட்டும் அதைத் தந்தையர் பெயரில் அனுப்ப ஏற்பாடாகி, தெரேஸ் காஸ்கிராங் என்ற பெண்மணி போராடி அதை மாற்றவைத்திருக்கிறார். என் பெயரில் வந்த கடிதத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

வருமான விவரம் பெரிய வேலையாக இருக்கவில்லை. 2022இல் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் மாதம் 18,000 ரூபாய்க்குப் பாடம் நடத்தினேன். ஆண்டுக்கு 2,16,000 ரூபாய். டாலரில் மாற்றினால் சுமார் 3,600. கொஞ்சம்தானே என்று விட்டுவிடாமல் எழுதினேன். குடும்ப வருமானம் என்பது இருவருடையதும் சேர்ந்தது.

எங்களை உண்மையில் அலைக்கழித்தது பெயர். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் நகல் வேண்டும். நம்முடைய சான்றிதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருப்பதால் மொழிபெயர்ப்புச் செலவு மிச்சம். ஆனால் மகளின் சான்றிதழில் என் பெயர் என் அப்பாவின் தலைப்பெழுத்தோடு இருக்கிறது. மகனுடையதில் தலைப்பெழுத்தே இல்லை. என் பாஸ்போர்ட்டிலும் பெர்மிட்டிலும் கணவர் பெயர் குடும்பப் பெயராகச் சேர்ந்திருக்கிறது. வாசிக்கும் அதிகாரிக்கு இவர்கள் மூன்று வெவ்வேறு பெண்கள். ஆகவே தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை, தந்தையின் அல்லது கணவரின் பெயரே சேர்கிறது, இந்த மூன்று பெயரும் ஒரே ஆளுடையவை என்று அரைப்பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டு, திருமணப் பதிவுச் சான்றிதழின் நகலையும் இணைத்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகவே வைத்தேன். நம் ஊரிலிருந்து விண்ணப்பிக்கும் யாருக்கும் இதைச் செய்யச் சொல்வேன்.

அடுத்தது, பிள்ளைகள் எங்களோடுதான் வாழ்கிறார்கள் என்பதற்கான சான்று. அதைக் கேட்டால் கொடுத்தால் போதும். என்றாலும் தயாராக வைத்துக்கொள்ள நினைத்தேன். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இல்லை, ரொக்கமாகக் கொடுத்துவந்தோம். வீட்டுக்காரரிடம் ஒரு கடிதம் கேட்டபோது, தனக்கு வரிச் சிக்கல் வரும் என்று மறுத்துவிட்டார். வற்புறுத்தினால் வீட்டைக் காலி செய்யச் சொல்வாரோ என்ற பயத்தில் திரும்பிவிட்டேன். மகளின் பள்ளி அலுவலகத்தில் கேட்டேன். பிள்ளையின் பெயர், வீட்டு முகவரி, பெற்றோர் பெயர், சேர்ந்த தேதி எல்லாம் போட்டு மறுநாளே கடிதம் தந்தார்கள். மகனுக்குத் தடுப்பூசி போட்ட மருத்துவரிடமிருந்து ஒன்று. இந்த இரண்டும் போதுமாக இருந்தன.

படிப்பு முடித்தவர்களுக்கான வேலை பெர்மிட் என் கணவருக்கு மார்ச்சில் வந்தது. பழைய படிப்பு பெர்மிட், புதிய வேலை பெர்மிட் இரண்டின் நகலையும், பாஸ்போர்ட்டில் அவர் வந்த நாளின் முத்திரைப் பக்கத்தையும் சேர்த்து, மார்ச் இறுதியில் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இடைவெளி விழாமல் 18 மாதம் இங்கேயே இருந்தார் என்பதை இந்தத் தாள்கள்தான் பேச வேண்டும். 11 மாதத்துக்கும் முன்னால் போன காலத்துக்குப் பணம் கேட்டால் கூடுதல் சான்றுகள் தேவைப்படும். நாங்கள் கேட்டது ஆகஸ்டிலிருந்துதான் என்பதால் அந்தச் சுமை இல்லை.

அனுப்பிய பிறகு நண்பர்கள் சிலர் பயமுறுத்தினார்கள். அரசாங்கப் பணம் வாங்கினால் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கும்போது தடையாகும் என்றார்கள். அப்படி இல்லை. வேலையற்றோரும் வழியற்றோரும் வாங்கும் சமூக உதவித்தொகை வேறு. வரிச் சட்டத்தின்கீழ் பிள்ளைகளுக்காகத் தரப்படும் இந்தத் தொகை வேறு. இந்த வதந்தியை நம்பி விண்ணப்பிக்காமலே இருக்கும் ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். மூன்று பிள்ளைகள் அவர்களுக்கு. நினைத்தால் மனம் ஆறவில்லை.

ஜூன் இரண்டாம் வாரத்தில் கடிதம் வந்தது. 2022 வருமானம் 34,863 டாலருக்குக் கீழே இருந்ததால் முழுத்தொகை. அந்த ஆண்டுக் கணக்கில் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆண்டுக்கு 7,437 டாலர், 6 முதல் 17 வரை 6,275. இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து மாதம் 1,142 டாலரும் சில்லறையும். ஆகஸ்ட் முதல் ஜூன் வரை 11 மாதப் பணம், 12,000 டாலருக்கு மேல், 20ஆம் தேதி என் கணக்கில் நேராக விழுந்தது. நாங்கள் இருக்கும் ஒன்டாரியோ மாகாணம் தரும் பிள்ளைகள் தொகை தனி. அதற்கு வேறு விண்ணப்பம் வேண்டாம், இதோடு சேர்ந்தே வருகிறது.

மகனின் பல்லுக்கு மருத்துவம் பார்த்தோம். அண்ணனிடம் விமான டிக்கெட்டுக்கு வாங்கிய கடனில் பாதியை அனுப்பினேன். மகள் அளவான பூட்ஸ் வாங்கிக்கொண்டாள். பள்ளி வாசலில் அந்த அக்காவைப் பார்த்ததும் பேச்சு வரவில்லை, கையைப் பிடித்துக்கொண்டேன்.

பணம் வரத் தொடங்கியதோடு வேலை முடிந்துவிடாது. ஒவ்வொரு ஏப்ரலிலும் இருவருமே வரிக் கணக்கு கொடுக்க வேண்டும். ஒரு டாலர் சம்பாதிக்காவிட்டாலும் மனைவியும் கொடுத்தே ஆக வேண்டும். ஒருவர் விட்டுவிட்டாலும் ஜூலையிலிருந்து பணம் நின்றுவிடும். அந்தக் கணக்கை வைத்துத்தான் ஜூலை முதல் அடுத்த ஜூன் வரையிலான தொகையை முடிவு செய்கிறார்கள். 2024 ஜூலையில் முழுத்தொகை 7,787 ஆகவும் 6,570 ஆகவும் உயர்ந்தது. ஆனால் 2023இல் எங்கள் இருவர் வருமானமும் சேர்ந்து 40,000ஐத் தொட்டிருந்தது. நான் செப்டம்பரிலிருந்து பேக்கரியில் வேலை பார்த்தேன். வரம்பான 36,502க்கு மேல் போன தொகையில், இரண்டு பிள்ளைகள் என்றால் 13.5 சதவீதம் கழிக்கிறார்கள். மாதம் 40 டாலர் போலக் குறைந்தது. 2025 ஜூனில் மகனுக்கு 6 வயது முடிந்ததும் அவனும் அடுத்த விகிதத்துக்கு மாறிவிட்டான்.

வேலைக்கும் வரிக்கும் அரசு தரும் சமூகக் காப்பீட்டு எண், எங்களைப் போல தற்காலிகமாக வந்தவர்களுக்கு 9இல் தொடங்கும். அந்த எண்களுக்கும் பெர்மிட் தேதியோடு ஆயுள் முடிகிறது. அவருடைய பெர்மிட் 2027 மார்ச் வரை. அதற்குள் எண்ணைப் புதுப்பித்து, புதிய பெர்மிட்டின் நகலை வருவாய் முகமைக்கு அனுப்ப வேண்டும். பள்ளிக் கடிதத்தை ஒவ்வொரு செப்டம்பரிலும் புதிதாக வாங்கிக் கோப்பில் வைக்கிறேன். அந்தக் கோப்பின் மேல் பெர்மிட் முடியும் தேதியைச் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.