முன்னுக்கு 225, பின்னுக்கு 245: ஈ46க்கு டயர் அளவு பிடித்த விதம்

17 அங்குல அலோய் செட் ஒன்று கடைசியில் கைக்கு வந்துவிட்டது. பிஎம்டபிள்யூ 3 சீரிஸின் ஒரு தலைமுறையான ஈ46 கார்களுக்குக் கம்பனியே கொடுத்த ஸ்டைல் 68 என்ற வடிவம். முன் ரிம் 7.5ஜே, அதாவது 7.5 அங்குல அகலம், ஈடி 41 (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து காரில் பொருந்தும் முகம் எத்தனை மில்லிமீற்றர் வெளியே இருக்கிறது என்ற அளவு). பின் ரிம் 8.5ஜே, ஈடி 50. ரிம்மில் கிடந்த டயர்கள் பக்கச்சுவரெல்லாம் வெடித்துப் போயிருந்ததால் முதல் வேலையாகக் கழற்றிப் போட்டோம். என்னுடைய 318ஐயில் இவ்வளவு காலமும் ஓடியது நான்கு பக்கமும் ஒரே அளவுதான்: 7ஜே ரிம், ஈடி 47, 205/55 ஆர்16 டயர். ஆக, முன்னுக்கு ஒரு அளவு, பின்னுக்கு ஒரு அளவு என்று டயர் தேடுவது எனக்கு இதுதான் முதல் தடவை.

இப்படிப்பட்ட ஸ்டேகர்ட் செட்டில் எல்லாருக்கும் கண் போவது அகலத்தில்தான். நான் முதலில் பார்த்தது உயரத்தை. டயரின் முழு விட்டம் முன்னும் பின்னும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது சில்லு இறுகிப்போகாமல் காக்கும் ஏபிஎஸ்ஸின் சென்சர் ஒவ்வொரு சில்லும் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ணிக்கொண்டே இருக்கிறது. வித்தியாசம் கூடினால், சில்லு வழுக்குகிறது என்று கார் நினைக்க இடமுண்டு. நாலு சில்லும் இழுக்கிற கார் என்றால் இன்னும் கவனம் வேண்டும், அங்கே கியர்ப்பெட்டிப் பக்கமே அடிவாங்கும்.

கணக்கு லேசானது. டயர் அளவில் முதல் எண் மில்லிமீற்றரில் அகலம், அடுத்தது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை வீதம் என்ற விகிதம், கடைசி எண் அங்குலத்தில் ரிம்மின் விட்டம். அகலத்தை விகிதத்தால் பெருக்கினால் பக்கச்சுவரின் உயரம். அதை இரட்டித்து ரிம்மின் விட்டத்தோடு கூட்டினால் முழு விட்டம். 225/45 ஆர்17க்கு பக்கச்சுவர் 101.25 மில்லிமீற்றர், ரிம் 431.8, மொத்தம் 634.3. பழைய 205/55 ஆர்16 631.9. இரண்டுக்கும் இடையில் அரை வீதம்கூட இல்லை, ஆகவே ஸ்பீடோமீற்றரைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. 7.5ஜே ரிம்முக்கு 225 அளந்து வைத்தது போல உட்காரும். முன்பக்கம் அதோடு முடிவாயிற்று.

பின்பக்கம்தான் யோசிக்க வைத்தது. 245/40 ஆர்17 போட்டால் 627.8. முன்னைவிட 6.5 மில்லிமீற்றர் குறைவு. காகிதக் கணக்கில் ஒரு கிலோமீற்றருக்கு முன் டயர் ஏறக்குறைய 502 சுற்று, பின் டயர் 507. ஒரு வீத வித்தியாசம். 255/40 ஆர்17 என்றால் 635.8, முன்னோடு அச்சொட்டாகப் பொருந்தும். டயர் கடை அண்ணனும் அதைத்தான் சொன்னார்: "தம்பி, பின்னுக்கு 255 போடுங்கோ, மட்கார்ட் நிரம்பி வடிவா இருக்கும்." 235/45 போட்டால் 643.3, பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். அதை அப்போதே விட்டுவிட்டேன்.

அண்ணன் சொன்னதில் பிழை இல்லை, விட்டம் என்று மட்டும் பார்த்தால் 255தான் சரி. ஆனால் 8.5ஜே என்பது 255/40க்கு அனுமதித்த ஆகக் குறைந்த ரிம் அகலம். டயர் இடுக்குப்பட்டு, தோள்பட்டை உருண்டு நிற்கும். 245/40க்கோ 8.5ஜேதான் டயரின் அகலத்தை அளக்க வைத்திருக்கிற நியம ரிம்மே. அடுத்தது இடம். ஈடி 47இலிருந்து 50க்குப் போகும்போது சில்லின் நடுக்கோடு 3 மில்லிமீற்றர் உள்ளே நகர்கிறது. 205க்குப் பதில் 245 வந்தால் இரு பக்கமும் 20, 20 கூடும். அப்போது டயர் பழையதைவிட உள்ளே 23, வெளியே 17 மில்லிமீற்றர் தள்ளி நிற்கும். 255 என்றால் 28, 22. காருக்குள் ஐந்து பேர் ஏறினால் பின்பக்கம் நன்றாக இறங்கும், அந்த நேரத்தில் இந்த 5 மில்லிமீற்றர் பெரிய விஷயம். எங்கள் வீட்டில் ஐந்து பேர் ஏறாத பயணமே குறைவு. ஒரு வீத வித்தியாசத்தோடு 225உம் 245உம் கம்பனியே இந்தக் காருக்கு ஒப்புக்கொண்ட சோடி என்பதால் 245க்கே போனேன்.

நாலுக்கும் 225 போட்டுவிடு, டயர் மாற்றிப் போடலாம், காசும் மிச்சம் என்று நண்பன் ஒருவன் சொன்னான். நல்ல யோசனைதான். ஆனால் 225/45க்கு 8.5ஜே ஆகக் கூடிய எல்லை. பக்கச்சுவர் வெளியே இழுபட்டு, ரிம்மின் விளிம்பு பாதுகாப்பில்லாமல் நிற்கும். நம் றோட்டுக் குழிக்கும் கொங்கிறீட் கரைக்கும் அலோயைக் காவு கொடுக்க மனம் வரவில்லை.

225/45 ஆர்17 திருகோணமலையிலேயே கிடைத்தது. 245/40ஐக் கொழும்பிலிருந்துதான் எடுப்பித்தோம். நாலும் ஒரே கம்பனி, ஒரே பூ (றோட்டில் படும் மேற்பரப்பின் வெட்டு வடிவம்). முன்னுக்கு ஒரு பிடிமானம், பின்னுக்கு வேறு பிடிமானம் என்று மழையில் ஓட எனக்குத் துணிவில்லை. பக்கச்சுவரில் தயாரித்த காலத்தைக் காட்டும் நாலு இலக்கத்தையும் பார்த்தேதான் வாங்க வேண்டும்: முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் ஆண்டு. 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். விலை மலிவென்று நீட்டப்படுகிற டயரில் இதைத்தான் முதலில் வாசிக்க வேண்டும்.

பூட்டுவதற்கு முன் ரிம் பொருந்தும் ஹப்பின் முகத்தைக் கம்பிப் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்தோம். கடற்கரை ஊரில் உப்புக்காற்று அந்த இடத்தில் துருவை அடுக்கடுக்காகப் படிய வைத்துவிடுகிறது. அதன்மேல் ரிம்மை இறுக்கினால் சில்லு நேராக உட்காராது, எவ்வளவு பலன்ஸ் பண்ணினாலும் ஸ்டீயரிங் நடுங்கும்.

அப்புறம் இடம் சரிபார்த்த விதம். பிள்ளைகள் விளையாடுகிற களிமண்ணைப் பட்டாணி அளவில் உருட்டிப் பின் மட்கார்டின் உள் மடிப்பில் வரிசையாக ஒட்டினேன். ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு உவர்மலை ஏற்றத்தில் ஏறி இறங்கி, சாம்பல்தீவுப் பக்கமாக நிலாவெளி வரை ஓடிவிட்டு வந்து ரோர்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு உருண்டைகூட நசுங்கவில்லை. ஆனால் காரில் ஆட்கள் இருக்கும்போதே டயரின் தோளுக்கும் மடிப்புக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தால் சின்னவிரல்தான் போகிறது. 255 போடாததில் எனக்கு இப்போது முழுத் திருப்தி. முன்பக்கம் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்துப் பின்னுக்கு எடுத்தும் பார்த்தாயிற்று, எங்கும் உரசவில்லை.

ஸ்பெயார் டயர் விஷயத்தில் ஒரு நல்ல பொருத்தம் அமைந்தது. பழைய 16 அங்குலச் சில்லின் 631.9 இந்த இரண்டு அளவுக்கும் நடுவில் விழுகிறது. முன்னுக்கும் போடலாம், பின்னுக்கும் போடலாம், மெதுவாக ஓடி அடுத்த கடை வரை போய்ச் சேரலாம். கந்தளாய் தாண்டி ஹபரணை வரையுள்ள காட்டு றோட்டில், யானை கடக்கிற இடத்தில், இருட்டிய பிறகு நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

ஓட்டத்தில் தெரிந்த மாற்றம்: வளைவில் பின்பக்கம் அசையாமல் பிடிக்கிறது, ஆனால் மூக்கு முன்னைவிடக் கொஞ்சம் வெளியே தள்ளுகிறது. 143 குதிரைவலு எஞ்சினுக்கு 245 தேவைக்கு மிஞ்சியதுதான். ரிம்மின் அகலம் கேட்பதால் போட்டது. சிறு குழிகள் முன்பைவிடத் தெளிவாக இடுப்புக்குத் தெரிகின்றன. அகலமான டயர் தேங்கிய தண்ணீரில் சீக்கிரம் மிதக்கும் என்பதால், மாரிக்கு முன் பூவின் ஆழம் 3 மில்லிமீற்றருக்குக் கீழே போனால் மாற்றிவிடுவதாக இருக்கிறேன்.

காற்று அளவுக்கு முன்னுக்கு 32, பின்னுக்கு 35 பிஎஸ்ஐயில் தொடங்கி, டயரின் குறுக்கே சோக்கால் கோடு போட்டு நேர் றோட்டில் கொஞ்சத் தூரம் ஓடிப் பார்க்கிறேன். முன்பக்கம் கோடு சமமாக அழிகிறது. பின்பக்கம் உள் ஓரத்தில் முதலில் அழிகிறது. பின் சில்லு மேற்பக்கம் உள்ளே சாய்ந்து நிற்பதன் விளைவு இது. முன் டயரைப் பின்னுக்கு மாற்ற இனி வழியில்லை. வாங்கிய பூ சுழலும் திசை குறிக்காத வகை என்பதால் இடம் வலம் மட்டும் மாற்றலாம், அதனால் உள் ஓரம் தேய்வது நிற்காது. அடுத்த வேலை பின் சில்லுகளின் டோவையும் (முன் ஓரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) கம்பரையும் (மேற்பக்கம் சாய்ந்து நிற்கும் அளவு) அளந்து பார்ப்பது. நாலு சில்லும் அளக்கிற மெஷின் உள்ள இடத்தில் நாள் கேட்டு வைத்திருக்கிறேன்.