அரிசிக்கும் ஊசிக்கும் முடிச்சு: ஓய்வு பெற்ற ஒரு நர்ஸின் நாட்குறிப்பு

5 டிசம்பர் 2021, ஞாயிறு

ஊர் முழுக்க இதே பேச்சாக இருக்கிறது. மதுரை மாவட்டத்தில் கொரோனா தடுப்பூசி ஒரு டோஸ்கூடப் போடாதவர்களுக்கு ஒரு வாரம் அவகாசமாம். அதற்குப் பிறகு ஹோட்டல், கடை, வணிக வளாகம் என்று பொது இடங்களுக்குள் விட மாட்டார்கள். போன மாதமே சுகாதாரத் துறை 1939ஆம் வருஷத்துப் பொது சுகாதாரச் சட்டத்தைக் காட்டி இந்த மாதிரி ஒரு உத்தரவு போட்டிருந்தது. புதுச்சேரியில் தடுப்பூசியையே கட்டாயம் ஆக்கிவிட்டார்கள்.

நான் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போதும் சனிக்கிழமை முகாம் நடந்தால் போய் நிற்பேன். கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டையும் நம்புகிறேன். இந்த வருஷம் மே மாதம் ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸுகள் வரிசையில் நின்றதைப் பார்த்த யாருக்கும், இந்த ஊசியின் அருமை தெரியாமல் இருக்காது. எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டில் சாவு.

அப்படி நம்புகிறவள் என்பதால்தான் இந்த உத்தரவு மனதை உறுத்துகிறது. போலியோ சொட்டு மருந்தை வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு அலைந்த தலைமுறை நாங்கள். 1995இல் ஆரம்பித்தது. ‘வேண்டாம்’ என்று கதவைச் சாத்திய வீட்டுக்கு மறுநாளும் போவோம், அதற்கடுத்த நாளும் போவோம், மாமியாரிடம் பேசுவோம், பெரியவர் யாரையாவது கூட்டிக்கொண்டு போவோம். 2011 ஜனவரியோடு இந்தியாவில் போலியோ நின்றது. சொட்டு மருந்து கொடுக்காத வீட்டுக்குக் கடையில் சாமான் கிடையாது என்று நாங்கள் ஒரு நாளும் சொன்னதில்லை.

8 டிசம்பர் 2021, புதன்

பி.எச்.சி.யில், அதாவது ஆரம்ப சுகாதார நிலையத்தில், கொடுத்த பட்டியலோடு இரண்டு தெரு சுற்றினேன். ஊசி போடாதவர்கள் என்றால் வாட்ஸ்அப் வதந்தியை நம்பி அடம்பிடிக்கிறவர்கள் என்றுதான் டிவியில் பேசுகிறார்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் வேறு கதை வருகிறது.

செங்கல் சூளைக்குப் போகிற ஒரு தம்பி. “ஊசிக்குப் பயமில்லக்கா, காய்ச்சலுக்குத்தான் பயம்” என்றான். அவன் கூட்டாளிக்கு ஊசி போட்ட ராத்திரியே உடம்பு அனலாகி, இரண்டு நாள் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு நாள் கூலி போச்சு. மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை. அந்தக் காய்ச்சல் வரும், போய்விடும், அது சாதாரணம்தான் என்று நான் சொல்லலாம். கூலியை யார் தருவது? அந்த இரண்டு நாளுக்கு ஏதாவது ஒரு தொகை கொடுத்திருந்தால் இந்தப் பட்டியலில் பாதிப்பேர் எப்போதோ முகாமுக்கு வந்திருப்பார்கள்.

அப்புறம் நடிகர் விவேக் சார் விஷயம். ஏப்ரல் 15 அன்று ஊசி போட்டுக்கொண்டு, எல்லாரும் போடுங்கள் என்று நம் எல்லாருக்கும் சொன்னார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி இறந்துவிட்டார். ஊசிக்கும் அந்த மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் குழு சொன்னது அக்டோபரில். ஆறு மாதம்! அதற்குள் அந்தப் பயம் தமிழ்நாட்டில் நுழையாத சமையலறை கிடையாது. பத்து நாளில் அந்த அறிக்கை வெளியாகியிருந்தால் என் போன்றவர்கள் கையில் காட்டுவதற்கு ஒரு காகிதம் இருந்திருக்கும்.

கடைசியாக ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார். படித்தவர், சூடாக விவாதம் பண்ணினார். “எனக்கு ஏற்கெனவே கொரோனா வந்து போச்சு. என் உடம்புக்குள்ள என்ன போகணும்னு நான்தான் முடிவு பண்ணணும்” என்றார். அவர் வயதுக்கும் சர்க்கரைக்கும் ஊசி போட்டே ஆக வேண்டும் என்று நானும் விடாமல் பேசினேன். ஒத்துக்கொள்ளவில்லை. செங்கல் சூளைத் தம்பிக்காகப் பரிந்து பேசுவது சுலபம். இந்த வாத்தியார் பென்ஷன் எடுக்க பேங்குக்குள் நுழையலாமா கூடாதா என்பதுதான் கஷ்டமான கேள்வி. நுழையலாம் என்றுதான் நான் சொல்வேன். முகக்கவசம் போடச் சொல்லுங்கள், தள்ளி நிற்கச் சொல்லுங்கள், அது எல்லாருக்கும் உள்ள விதி. அவர் பணத்தை அவரிடமிருந்து தடுப்பதற்கு அவர் செய்த தப்பு என்ன?

11 டிசம்பர் 2021, சனி

முகாமில் இன்று கூட்டமான கூட்டம். உத்தரவு பலிக்கிறது என்று டாக்டருக்குச் சந்தோஷம். எனக்கும் கூட்டத்தைப் பார்த்துச் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். கோவிஷீல்டு குப்பி ஒன்றில் பத்துப் பேருக்கு மருந்து இருக்கும். திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முந்தைய வாரங்களில் கடைசிக் குப்பிக்கு ஆள் தேடி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போவோம். இன்று கேரியரில் ஐஸ் உருகுவதற்கு முன்னாலேயே குப்பி தீர்ந்துவிட்டது.

ஆனால் வரிசையில் நின்ற முகங்களைப் பார்த்தேன். வழக்கமாக, போட்டால் என்ன ஆகும், மாத்திரை சாப்பிடலாமா, பால் கொடுக்கலாமா என்று ஆயிரம் கேள்வி கேட்பார்கள். இன்று யாரும் எதுவும் கேட்கவில்லை. கையை நீட்டினார்கள், மெசேஜ் வந்ததா என்று செல்போனைப் பார்த்தார்கள், அரை மணி நேரம் உட்காரச் சொன்னால் உட்காராமல் கிளம்பினார்கள். மயக்கம், அலர்ஜி வந்தால் அந்த அரை மணி நேரத்தில்தான் கவனிக்க முடியும். ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “ஊசி வேணாம்மா, சர்டிபிகேட் மட்டும் ஏத்தி விடுங்க, வேணுங்கிறதைக் குடுத்திடுறேன்” என்றார். கட்டாயப்படுத்தினால் இதுதான் நடக்கும். கணக்கில் ஏறும், உடம்பில் ஏறாது. பதிவேட்டைப் பார்த்து இந்த ஊருக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று நாளைக்கு ஒருவர் முடிவெடுப்பார்.

13ஆம் தேதியிலிருந்து மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் இரண்டு டோஸ் போட்டவர்களுக்குத்தான் அனுமதி என்றும் அறிவிப்பு வந்திருக்கிறது. கோவிஷீல்டு முதல் டோஸுக்கும் இரண்டாவதுக்கும் 84 நாள் இடைவெளி. மனம் மாறி இன்று என் முன்னால் கை நீட்டியவர் மார்ச் மாதம்தான் அம்மனைப் பார்க்க முடியும். சொன்னபடி கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் ஒரே தண்டனை. இதை யோசிக்காமலா உத்தரவு எழுதுகிறார்கள்?

16 டிசம்பர் 2021, வியாழன்

இதை எழுதும்போது கை நடுங்குகிறது, கோபத்தில்.

மேலத் தெரு அப்பத்தாவுக்கு எண்பது வயது இருக்கும். காலில் சர்க்கரைப் புண், தனி ஆள், போன் கிடையாது. புண் ஆறட்டும், பிறகு ஊசி போடலாம் என்று எங்கேயோ ஒரு டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்தப் புண்ணுக்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதே இல்லை. அது அப்பத்தாவுக்கு எப்படித் தெரியும்? ரேஷன் கடைக்கு ஊன்றுகோலோடு போயிருக்கிறாள். மெஷினில் ரேகை வைத்தாயிற்று, அரிசி எடை போடப் போகும் நேரத்தில், ஊசி போட்ட மெசேஜைக் காட்டு என்றிருக்கிறார்கள். வெறும் பையோடு என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

“அரிசிக்கும் ஊசிக்கும் என்ன தாயி சம்பந்தம்?”

நான் கடைக்குப் போய்ப் பேசினேன். கடைக்காரத் தம்பியைத் திட்ட மனம் வரவில்லை. மேலே இருந்து சொல்கிறார்கள், ஆள் வந்து பார்க்கிறார்கள் என்றான். அரிசி வாங்கிக் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் பி.எச்.சி.யிலிருந்து நர்ஸ் பொண்ணைக் கூட்டிக்கொண்டு அப்பத்தா வீட்டுக்கே போய், புண்ணைக் கழுவிக் கட்டி, உட்கார வைத்துப் பேசி, ஊசியும் போட்டாயிற்று. மொத்தமே ஒரு மணி நேரம். வீடு தேடிப் போய் ஊசி போடவும் அரசு சொல்லியிருக்கிறது, ஆளும் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. அதை முதலில் முழுசாகச் செய்து முடிக்காமல் வாசலில் ஆளைத் தடுக்க ஆரம்பித்தது ஏன்?

இந்த நோயில் பிழைப்பதற்கு ஊசியும் வேண்டும், சோறும் வேண்டும். சோற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு ஊசியை விற்கக் கூடாது.

நேற்று தமிழ்நாட்டில் முதல் ஒமைக்ரான், அந்தப் புது வகைக் கொரோனா.

18 ஜனவரி 2022, செவ்வாய்

பொங்கல் முடிந்தது. ஞாயிறு ஊரடங்கில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது.

எங்கள் வீட்டிலேயே மருமகளுக்கும் பேரனுக்கும் பாசிட்டிவ். மருமகள் இரண்டு டோஸும் போட்டவள். மூன்று நாள் காய்ச்சல், தொண்டை வலி, ஆவி பிடித்தாள், சரியாகிவிட்டது. ஆக்சிஜன் 97க்குக் கீழே இறங்கவே இல்லை. ஊசி செய்ய வேண்டிய வேலையைச் செய்தது. ஆனால் அவளிடமிருந்துதான் பேரனுக்குத் தொற்றியது. இதை மறைத்து என்ன பயன்? ஒமைக்ரான் வந்த பிறகு இந்த ஊசி உயிரைக் காக்கிறது, பரவுவதை அவ்வளவாக நிறுத்தவில்லை. அப்படியென்றால் ஊசி போடாதவரைத் தியேட்டருக்கு வெளியே நிறுத்துவதற்குச் சொன்ன காரணமும் பலம் இழக்கிறது. அவரால் மற்றவர்களுக்கு ஆபத்து என்றுதானே தடுத்தோம்? அவரால் அவருக்குத்தான் ஆபத்து அதிகம் என்றால், போய்ப் பேச வேண்டும், தடுக்கக் கூடாது.

எல்லாக் கட்டுப்பாடும் தப்பு என்று நான் சொல்லவில்லை. டயாலிசிஸ் வார்டில், புற்றுநோய் வார்டில் வேலை பார்க்கிற நர்ஸ் ஊசி போட்டுத்தான் ஆக வேண்டும், மறுத்தால் வேறு வார்டுக்கு மாற்றலாம். அங்கே படுத்திருப்பவருக்கு எழுந்து ஓட முடியாது. நியாயம் இடத்துக்கு இடம் மாறும்.

மத்திய அரசே உச்ச நீதிமன்றத்தில், யாருக்கும் சம்மதமில்லாமல் ஊசி போடச் சொல்லவில்லை, எதற்கும் சான்றிதழ் காட்டியே ஆக வேண்டும் என்று விதி செய்யவும் இல்லை என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்திருக்கிறது. அப்போது அப்பத்தாவை நிறுத்தியது எந்த விதி?

3 மே 2022, செவ்வாய்

நேற்று உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்துவிட்டது. ஜேக்கப் புலியேல் என்ற குழந்தைகள் மருத்துவர் போட்ட வழக்கு. தடுப்பூசி பற்றி அரசுக்கு ஆலோசனை சொல்லும் தேசியக் குழுவில் முன்பு இருந்தவர். நீதிபதிகள் நாகேஸ்வர ராவ், கவாய். பக்கத்து வீட்டு வக்கீல் பையன் சாரத்தைச் சொல்ல, நான் கேள்வி கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

உடம்பின் மீதான உரிமை அரசியலமைப்பின் 21ஆவது பிரிவுக்குள் வருகிறது, யாரையும் ஊசி போடக் கட்டாயப்படுத்த முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அதே தீர்ப்பில், அரசின் தடுப்பூசிக் கொள்கை தப்பில்லை என்றும், சமூகத்தின் நலனுக்காக அரசு கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டுப்பாட்டுக்குச் சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், நோக்கத்துக்குத் தக்க அளவும் வேண்டும். 2017இல் புட்டசாமி வழக்கில் அந்தரங்க உரிமைக்காக வகுத்த அதே அளவுகோல். ஊசி போடாதவர் போட்டவரைவிட அதிகமாகப் பரப்புகிறார் என்று காட்டும் தரவு எதையும் மத்திய அரசும் வைக்கவில்லை, மாநிலங்களும் வைக்கவில்லை. எனவே இப்போதுள்ள நிலையில் பொது இடங்களில் தடுப்பது அளவு மீறியது, தொற்று குறைவாக இருக்கும்வரை அந்த உத்தரவுகளை மறுபரிசீலனை செய்யுங்கள் என்கிறது தீர்ப்பு.

கட்டுப்பாட்டை நியாயப்படுத்தி வாதாடிய மாநிலங்களில் தமிழ்நாடும் உண்டு. இது எனக்கு வருத்தம். இந்தியாவிலேயே முதன்முதலில் பொது சுகாதாரச் சட்டம் கொண்டுவந்தது நம் மாகாணம்தான். வீடு வீடாகப் போகும் நர்ஸுகளை வைத்தே இவ்வளவு சாதித்த மாநிலம், தடுப்பதற்கு ஆதாரம் கேட்டபோது கையில் தரவு இல்லாமல் நின்றிருக்கிறது.

வக்கீல் பையன் அமெரிக்காவில் 1905இல் நடந்த ஜேக்கப்சன் வழக்கையும் சொன்னான். பெரியம்மைக் காலம். ஊசி மறுத்த ஒரு பாதிரியாருக்கு ஐந்து டாலர் அபராதம், அது சரிதான் என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு. கட்டாயம் வேண்டும் என்பவர்கள் அடிக்கடி காட்டுகிற வழக்கு இதுவாம். நான் கேட்டேன், அந்தப் பாதிரியாரை ரொட்டிக் கடைக்குள் விடாமல் தடுத்தார்களா என்று. இல்லை, அபராதம் மட்டும்தான் என்றான். அந்தப் பெரியம்மை ஊசி பரவுவதையே நிறுத்தியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தீர்ப்பில் பலர் கவனிக்காத ஒரு பகுதி இருக்கிறது. ஊசிக்குப் பிறகு வரும் பாதிப்புகளை மக்களும் தனியார் மருத்துவர்களும் நேரடியாகத் தெரிவிக்க வழி செய்ய வேண்டும், தெரிவித்தவரின் விவரம் வெளியே போகாமல் அவற்றை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்கிறது. எனக்கு இதுதான் பெரிய விஷயம். யாருக்கு என்ன ஆனது, ஊசியால் ஆனதா இல்லையா என்பதை உடனுக்குடன் சொன்னால், எங்களுக்கு வேறு ஆயுதமே வேண்டாம்.

இந்த ஞாயிறு மாநிலம் முழுக்கப் பெரிய முகாம். இனிமேல் கட்டாயம் இல்லை என்று தெரிந்ததும் ஆள் வர மாட்டார்கள் என்று பி.எச்.சி.யில் கவலைப்படுகிறார்கள். வாத்தியார் வீட்டுக்கு நாளைக்குப் போகிறேன். தீர்ப்பு அவர் பக்கம் என்று சொல்லிவிட்டு, சர்க்கரை அளவைக் கேட்டு, ஊசியைப் பற்றி மறுபடியும் பேச வேண்டும். செங்கல் சூளைத் தம்பிக்கு இரண்டாவது டோஸ் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது. சூளைக்கு லீவு விடும் நாளுக்கு முந்தின சாயங்காலம் போட்டால் கூலி போகாது. அந்த நாள் எது என்று மேஸ்திரியிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.