பழைய டீசல் கேம்பர் வேனில் எஞ்சின் ஹீட்டரை மறுபடி ஓட வைத்தது

பெங்களூரில் பல வருஷம் ஓடிய டீசல் வேனில் ஹீட்டர் சூடு தரவில்லை என்றால், ஹீட்டரைக் கழற்றுவது கடைசி வேலை. கோடையில் எஞ்சின் கொதிக்கிறதென்று யாரோ தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடேறின பிறகே ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) பிடுங்கிப் போட்டிருப்பார்கள். எஞ்சினின் சுடுநீரை ஹீட்டருக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரும் ஹோஸ் ஒழுகினதென்று இரண்டையும் எஞ்சின் பக்கமே ஒன்றோடொன்று மாட்டியும் விட்டிருப்பார்கள். கேம்பராக மாற்றின இந்த டெம்போ டிராவலரில் இரண்டுமே நடந்திருந்தன. டேஷ்போர்டுக்குள் ஒரு ஹீட்டர், பின்கட்டிலுக்கு அடியில் இன்னொன்று. இமாசலப் பிரதேசத்தின் குளிர் மலைப்பகுதியான ஸ்பிதிக்குக் கிளம்புவதற்குள் இரண்டும் ஓட வேண்டும்.

முதலில் தெர்மோஸ்டாட். அது இல்லாவிட்டால் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றும் திரவம்) எந்நேரமும் ரேடியேட்டர் வழியாகவே சுற்றும். டீசல் எஞ்சின் சும்மா ஓடும்போது தரும் சூடு ஏற்கெனவே குறைவு. மலைக்குளிரில் எஞ்சின் சூடு காட்டும் முள் 60 டிகிரியைத் தாண்டாது. "கழற்றிவிட்டால் எஞ்சின் கூலாக இருக்கும்" என்பதும் பாதி உண்மைதான். அடியில் இன்னொரு தட்டு இருந்து பைபாஸை (ரேடியேட்டருக்குப் போகாத குறுக்கு வழி) மூடும் வகை தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் பைபாஸ் திறந்தே கிடக்கும். சுடுநீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைத் தொடாமலே எஞ்சினுக்குத் திரும்பும். ஏற்றத்தில் கொதிப்பது அதனால்தான்.

பெங்களூரின் வண்டி உதிரிபாகக் கடைத்தெருவான ஜே.சி. ரோட்டில் வாங்கின புது தெர்மோஸ்டாட்டையும் பூட்டுவதற்கு முன் சோதித்தோம். பாத்திரத்தின் அடியில் படாமல் நூலில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டரை வைத்துத் தண்ணீரைச் சூடாக்க வேண்டும். 82 என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டை ஒட்டித் திறக்க ஆரம்பித்து, 95 வாக்கில் முழுக்கத் திறந்துவிட வேண்டும். பெங்களூர் 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். கொதிக்கிற தண்ணீரிலும் பாதிதான் திறக்கிறதென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். விளிம்பில் ஆடும் சின்ன ஊசி மேல்பக்கம் வரும்படி பூட்டுங்கள்; எஞ்சினுக்குள் மாட்டும் காற்று அந்தத் துளை வழியாகத்தான் வெளியேறும்.

அடுத்தது ஹீட்டர் கோர், அதாவது சுடுநீர் ஓடும் குறுகலான குழாய்களும் துடுப்புகளுமாகக் காற்றைச் சூடாக்கும் உட்பகுதி. எஞ்சின் முழுச் சூடு ஏறினபின் உள்ளே போகும் ஹோஸையும் வெளியே வரும் ஹோஸையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பார்த்தால் பாதிச் சேதி வந்துவிடும். பளபளக்கும் உலோகத்தில் அது தப்பான எண் காட்டும். கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் பிடிக்கவும். போகும் ஹோஸ் 80, வரும் ஹோஸ் 65 என்றால் நல்ல கோர். போவது சுட்டு, வருவது வெதுவெதுப்பாக இருந்தால் உள்ளே அடைப்பு. இரண்டுமே குளிர்ந்திருந்தால் வால்வு மூடியிருக்கிறது, இல்லை காற்று அடைத்திருக்கிறது. இரண்டும் சுட்டும் காற்று குளிர்ந்தே வந்தால் பழுது கூலன்ட் பக்கம் இல்லை. காற்றுத் தடுப்புத் தட்டையோ, தூசி அப்பின துடுப்புகளையோ பார்க்க வேண்டும்.

முன் கோரில் அடைப்புக்குக் காரணம் போர் தண்ணீர். ரேடியேட்டரில் அதை ஊற்றி ஊற்றி உள்ளே சுண்ணாம்பு படிந்துவிட்டது. (ஒழுகலை நிறுத்த மஞ்சள் தூள் போடும் வழக்கமும் உண்டே, அது ரேடியேட்டர் ஓட்டையை அடைக்கிறதோ இல்லையோ, குறுகலான ஹீட்டர் குழாய்களை முதலில் அடைக்கும்.) முதலில் தண்ணீரை வெளியேறும் பக்கத்திலிருந்து தலைகீழாக விட்டோம். சாதாரணத் தோட்டக் குழாய்தான், முனையில் பீய்ச்சும் துப்பாக்கி ஏதும் இல்லாமல். பழைய ஈயப் பற்றவைப்பு அதற்குமேல் தாங்காது. பிறகு லிட்டருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பைக் கரைத்த, 50 டிகிரிச் சூட்டுத் தண்ணீரைக் கோரில் நிரப்பி அரைமணி நேரம் விட வேண்டும். நுரை அடங்கும்வரை புதுக் கரைசல் மாற்றி, கடைசியில் ஆப்ப சோடாத் தண்ணீரால் அலசி, சுத்தத் தண்ணீர் தெளிவாக வரும்வரை விட வேண்டும். இது பித்தளை, செம்புக் கோருக்கு மட்டும். அலுமினியத்தை அமிலம் அரிக்கும். வெறும் தண்ணீரில் திறக்காத அலுமினியக் கோரை மாற்றுவதே மேல்.

பின் கோர் ஒழுகியது. அறிகுறிகள் தெளிவானவை: வண்டிக்குள் தித்திப்பு வாடை, கண்ணாடியில் துடைத்தாலும் போகாத பிசுக்குப் படலம், ஈரமான தரை. கோரின் ஒரு வாயை அடைத்து, தொட்டியில் முக்கி, சைக்கிள் பம்பால் 1 பார் அளவு காற்று ஏற்றினால் குமிழி வரும் இடம் தெரியும். ரேடியேட்டர் பட்டறையில் பற்றவைத்து வாங்கின பிறகும் அதே சோதனையை நம் கண் முன்னால் செய்துகாட்டச் சொல்வது நல்லது.

வண்டிக்கு அடியில் ஓடின பழைய ரப்பர் முழுவதையும் எடுத்துவிட்டோம். நீண்ட நேர் ஓட்டத்துக்கு ஏ.சி. வேலையில் பயன்படும் 5/8 அங்குல செம்புக் குழாய் போதும், 16 மி.மீ. ஹீட்டர் ஹோஸ் அதன்மேல் சரியாக உட்காரும். குழாய் முனையை லேசாக விரித்துவிடாவிட்டால் அழுத்தத்தில் ஹோஸ் நழுவும். ஹோஸ் கூலன்ட்டையும் சூட்டையும் தாங்கும் இ.பி.டி.எம். ரப்பராக இருக்கட்டும், கடையில் "இதுவும் தாங்கும் சார்" என்று டீசல் ஹோஸையோ நைலான் பின்னல் போட்ட தெளிவான பிளாஸ்டிக் குழாயையோ நீட்டினால் வாங்காதீர்கள். சைலன்சரிலிருந்து ஒரு சாண் தள்ளி, சேஸிஸில் உரசும் இடங்களில் உறை போட்டுக் கட்ட வேண்டும். முதல் சூடு ஏறி ஆறினதும் எல்லாக் கிளாம்பையும் இன்னொரு முறை முறுக்க வேண்டும்.

முன் ஹீட்டருக்குப் பாதையின் நீளம் குறைவு என்பதால் தண்ணீர் அந்தப் பக்கமே ஓடிவிடும், பின்னால் வெதுவெதுப்புதான் கிடைக்கும். பின் கிளையின் திரும்பும் குழாயில் 12 வோல்ட் சுழற்சிப் பம்ப் ஒன்றை, அம்புக்குறி எஞ்சினைப் பார்க்கும்படி, தாழ்வான இடத்தில் வைத்தபின் இது சரியானது. உயரத்தில் வைத்தால் காற்று சேர்ந்து பம்ப் வெறுமனே சுழலும். பின் கிளையின் இரு முனையிலும் பித்தளை பால் வால்வு உண்டு: ஊரில் கோடை ஓட்டத்துக்கு மூடி வைக்கலாம், வழியில் பின்னால் ஒழுகினாலும் மூடிவிட்டுப் பயணத்தைத் தொடரலாம்.

ஹீட்டர் காற்றை ஊதும் பிளோயர் அதிவேகத்தில் மட்டும் சுற்றினால் மோட்டார் நல்லது, வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் போயிருக்கிறது. அதிகம் யோசிக்க வேண்டாம்.

கூலன்ட் கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். 16 மி.மீ. குழாய் மீட்டருக்கு 0.2 லிட்டர் பிடிக்கும். போக வர 12 மீட்டர் என்றால் 2.4 லிட்டர் கூடுதல். கழுவின பிறகு எஞ்சினுக்குள் தண்ணீர் தங்கியிருக்கும். அதனால் மொத்தக் கொள்ளளவில் பாதிக்குக் கலக்காத கூலன்ட்டை முதலில் ஊற்றி, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்ப வேண்டும். எத்திலீன் கிளைக்கால் சரிபாதி இருந்தால் உறைநிலை மைனஸ் 37 டிகிரி. மூன்றில் ஒரு பங்கு என்றால் மைனஸ் 18 வாக்கில் நின்றுவிடும், ஸ்பிதிக் குளிர்காலத்துக்கு அதை நம்ப முடியாது. டப்பாவில் ஏற்கெனவே கலந்தது என்று எழுதியிருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது, தங்கின தண்ணீரை முழுக்க வடித்த பிறகே ஊற்ற வேண்டும்.

காற்றை எடுக்க வண்டியின் மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்தி, ரேடியேட்டர் மூடி உயரமாக இருக்கும்படி வைத்தோம். வால்வுகள் எல்லாம் திறந்து, பம்பை ஓடவிட்டு, மெதுவாக ஊற்றி, ஹோஸ்களைப் பிசைந்துகொண்டே இருக்க வேண்டும். பின் கோரின் உச்சியில் வைத்த திருகை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே குமிழி நிற்கும்வரை திறந்து வைக்கவும். பிறகு மூடியைப் போட்டு நிமிடத்துக்கு 1500 சுழற்சியில் எஞ்சினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சுட்டபின் அணைத்து, முழுக்க ஆறவிட்டு மட்டம் பார்க்க வேண்டும். சூட்டோடு மூடியைத் திறக்கக் கூடாது.

இது ஓடும்போது சூடு தரும் ஹீட்டர். இரவில் எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கினால் சூடும் போதாது, சைலன்சர் புகை உள்ளே வந்தால் உயிருக்கே ஆபத்து. தூங்கும் நேரத்துக்கு, புகைக்குழாய் வெளியே போகும் தனி டீசல் ஹீட்டர் வேண்டும். வடித்த பழைய கூலன்ட்டை மூடியிட்ட கேனில் வையுங்கள். தித்திப்புக்கு நாய்கள் நக்கும், நஞ்சு. பால் வால்வுகளை மாதம் ஒருமுறை திறந்து மூடாவிட்டால் இறுகிப்போகும்.