"டிரைவர் எங்க?"

மதுரையில 14 வருஷம் பிசிக்ஸ் டீச்சரா இருந்தேன். அங்க நான் ஓட்டுன பெரிய வண்டி ஸ்கூட்டிதான், அதுவும் காளவாசல் பக்கம் போறதுன்னாலே எனக்கு வேர்த்துரும். அந்த நான் இப்ப கனடாவுல, ஸ்கார்பரோல 72 பேர் உக்கார்ற மஞ்ச ஸ்கூல் பஸ் ஓட்டுறேன்.

2023ல கனடா வந்தோம். இங்க திரும்ப டீச்சராகணும்னா அதுக்குத் தனி சர்டிஃபிகேட், அதுக்கு ஆயிரத்தெட்டு பேப்பர், வர்றப்ப வரட்டும்னு போட்டு வச்சாச்சு, ஆனா வாடகை ஒண்ணாந்தேதி டான்னு வந்துருதே. அப்பதான் ரோட்டோரமா நின்ன ஒரு மஞ்ச பஸ்ல "டிரைவர்கள் தேவை, ட்ரெயினிங் இலவசம்"னு பேனர் பார்த்தேன். சாதாரண கார் லைசென்ஸ் கையில இருந்துச்சு, ஸ்கூல் பஸ்ஸுக்கு கிளாஸ் பி வேணும், அதுக்கு மெடிக்கல், போலீஸ் செக், எழுத்துப் பரீட்சை, ரோடு டெஸ்ட். சரி பார்த்துருவோம்னு போயிட்டேன்.

முதல் நாள் ட்ரெயினிங் ரூம் வாசல்ல நிக்கிறேன், ரிசப்ஷன்ல இருந்த அம்மா ரொம்ப அன்பா, "பிள்ளைங்களப் பார்த்துக்குற உதவியாளர் ட்ரெயினிங் அடுத்த ரூம்மா"ன்னு கை காட்டுச்சு. என் உயரம் அஞ்சடி ஒரு இஞ்ச், அதுக்கு மேல குளிருக்கு என் வீட்டுக்காரரோட ஜாக்கெட், பார்க்க காணாமப் போன ஸ்கூல் பிள்ளை மாதிரி இருந்துருப்பேன், அவங்களச் சொல்லிக் குத்தமில்ல. உள்ள போனா பதினோரு பேர், பாதி ரிட்டயர்டு ஆம்பளைங்க. ஒருத்தர் என்னப் பார்த்துட்டு "கால் பெடலுக்கு எட்டுமா?"ன்னு கேட்டார். சீட்ட ஏத்தி இறக்கி முன்ன தள்ளிக்கலாம்னு அவருக்கும் அப்பத் தெரியாது, எனக்கும் தெரியாது.

மூணாவது நாள் டெயில் ஸ்விங்னு ஒரு பாடம். பஸ் நாப்பதடி நீளம், பின் சக்கரத்துக்குப் பின்னாடியும் ஒரு பெரிய வால் நீட்டிக்கிட்டு இருக்கும், நீங்க வலது பக்கம் திருப்புனா அந்த வால் இடது பக்கம் மூணடி வரைக்கும் வீசும், பக்கத்து லேன்ல கார் நின்னா முடிஞ்சது கதை. யாருக்கும் புரியல. எனக்குக் கை பரபரன்னுச்சு. எந்திரிச்சு போர்டுல ஒரு ஸ்கேல் வரைஞ்சு, பின் சக்கரந்தான் சுத்துற அச்சு, அச்சுக்கு முன்ன இருக்கறது ஒரு பக்கம் போனா பின்ன இருக்கறது எதிர்ப்பக்கம் போகும், சீசா மாதிரின்னு என் அரைகுறை இங்கிலீஷ்ல சொன்னேன். கால் எட்டுமான்னு கேட்டவர் அன்னைக்கு மத்தியானம் தானா வந்து பக்கத்துல உக்காந்துக்கிட்டு ஏர் பிரேக் கணக்குல டவுட் கேட்டார்.

வேலை என்னவோ ஸ்டியரிங் பிடிக்கறதுன்னு நினைக்கிறோம், அதுல பாதி சுத்திச் சுத்திப் பாக்குறதுதான். காலைல அஞ்சே முக்காலுக்கு, டிசம்பர்ல ஏழு மணி வரைக்கும் இருட்டுதான், டார்ச் அடிச்சுக்கிட்டு டயர், லைட், எமர்ஜென்சி கதவு எல்லாம் பார்த்து எழுதி வைக்கணும். ரயில்வே கிராஸிங்ல கேட் திறந்தே இருந்தாலும் நிறுத்தி, கதவத் திறந்து, காதக் குடுத்துக் கேட்டுட்டுதான் தாண்டணும், பின்னாடி கார்காரன் ஹார்ன் அடிச்சா அடிச்சுக்கட்டும். பிள்ளைங்க ஏறி இறங்கறப்ப முதல்ல மஞ்ச லைட்டு, அப்புறம் சிவப்பு (2022 ஜூலைக்கு முன்னாடி எல்லாமே சிவப்புதானாம்). சிவப்பு மின்னறப்ப வேற வண்டிக்காரன் தாண்டிப் போனா முதல் தடவையே 400 டாலர்லருந்து 2000 வரைக்கும் ஃபைன், கூடவே லைசென்ஸ்ல 6 தண்டனை பாயிண்ட். அப்பவும் தாண்டுறான். ரூட் முடிஞ்சதும் கடைசி சீட்டு வரைக்கும் நடந்து போய் குனிஞ்சு பாக்கணும், எந்தப் பிள்ளையாவது தூங்கிக் கிடக்கான்னு. எனக்கு இதுவரைக்கும் கெடச்சது பதினேழு ஒத்தக் கையுறை, ஒரு பல்லு.

செப்டம்பர்ல முதல் வாரம், ஒரு ஸ்டாப்ல யாழ்ப்பாணத்து அம்மம்மா ஒருத்தர், பேரனக் கையில இறுக்கிப் பிடிச்சிருக்கார். நான் கதவத் திறந்தேன். உள்ள எட்டிப் பார்த்து, "டிரைவர் எங்க?"

"நான்தாம்மா டிரைவர்."

"இவ்வளவு பெரிய பஸ்ஸை நீங்களோ ஓடுறியள்?"

நம்ம பஸ்ஸ ஓட்டுவோம், அவங்க பஸ்ஸ ஓடுவாங்க. அந்தத் தமிழக் கேட்டதுல எனக்குக் கோவமே வரல, ஆனா அவர் பேரன விடவும் இல்ல, எண்ணி பத்து செகண்ட், பின்னாடி கார் வரிசை கட்டுது. கடைசில விட்டார். அந்த வாரம் பூரா பஸ் திரும்பற வரைக்கும் நின்னு பார்த்துக்கிட்டே இருப்பார், கண்ணாடில தெரியும். ஜனவரில ஒரு நாள் நல்ல ஸ்நோ, 12 நிமிஷம் லேட்டு, ஒரு அப்பா வாட்சக் காட்டி ஏதோ சொல்ல ஆரம்பிச்சார். அம்மம்மா தமிழ்லயே போட்டார் பாருங்க: "இந்த ஸ்நோவுக்குள்ள அவ என்ன, பறந்தே வாறது?" அந்த அப்பா சீனாக்காரர், ஒரு வார்த்தை புரிஞ்சிருக்காது, கப்சிப்.

சரி, எல்லாரும் என்னைத்தான் தப்பா நினைச்சாங்கன்னு இல்ல. ஆபீஸ்ல உக்காந்து ரேடியோல டிரைவர்கள்ட்ட பேசுற டிஸ்பாட்ச் அம்மா ஒருத்தங்க, நான் சொன்னத எப்பவும் ரெண்டு தடவ திருப்பிச் சொல்லச் சொல்லுவாங்க. என் ஆக்சென்ட்டக் கிண்டல் பண்ணுது, சரியான திமிரு புடிச்ச பொம்பளன்னு நாலு மாசமா மனசுக்குள்ள திட்டிக்கிட்டிருந்தேன். ஆளுக்கொரு சாப்பாடு கொண்டு வர்ற கிறிஸ்மஸ் பாட்லக் விருந்துல நேர்ல பார்த்தா, ஜமைக்காக்காரங்க, குள்ளமா, கன்னத்துல குழி, என் பஸ் நம்பரக் கேட்டதும் நெஞ்சுல கை வச்சுட்டாங்க. "நீங்கதானா அது? ஏன் எப்பப் பார்த்தாலும் என்னத் திட்டுறீங்க?"ன்னு கேட்டாங்க. அதாவது, ரேடியோல நான் கத்துறேனாம், ஸ்பீக்கர் கிழிஞ்சு ஒண்ணும் புரியாமதான் திருப்பிக் கேட்டிருக்காங்க. ஃபேன் சத்தத்துக்கு மேல அம்பது பிள்ளைங்களுக்குக் கத்துன தொண்டை, மைக்கக் கண்டா சும்மா இருக்குமா? வீட்டுக்கு வந்து சொன்னா எங்க வீட்டுக்காரர், "எனக்கும் கல்யாணம் ஆனதுலருந்து அதே டவுட்டுதான்"ங்கறார்.

அம்மாவுக்குதான் இன்னும் மனசு ஆறல. டிரைவர்னு வெளிய சொன்னா என்ன நினைப்பாங்கன்னு, மதுரை பூரா "மக அங்க ஸ்கூல்லதான் வேல பாக்குறா"ன்னு சொல்லி வச்சிருக்கு. போன ஞாயித்துக்கிழமை பெரியப்பா வீடியோ கால்ல வந்து, "என்னத்தா, எந்த கிளாஸ் எடுக்குற?"ன்னு கேட்டார். அம்மா பின்னாடி நின்னு கண்ணக் காட்டுது.

"கிளாஸ் பி, பெரியப்பா."

"ஓ, பி செக்‌ஷனா. நல்லாப் படிக்கிற பிள்ளைகளா?"

"உக்காந்தா எந்திரிக்க மாட்டாங்க பெரியப்பா"ன்னேன்.